பூங்காவில் ஒட்டிய உண்ணியும் செவலை பிழைத்து வந்த கதையும்

நாய் வளர்க்க ஆரம்பித்தபோது எனக்கு அறிவுரை சொல்லாத ஆளே இல்லை. ரேபிஸ் ஊசி போடு, கழுத்துப்பட்டை இல்லாமல் வெளியே விடாதே, தெருநாய்கள் கூட்டமாக இருந்தால் வேறு வழியில் போ, மாநகராட்சி உரிமம் வாங்கி வை, சாக்லேட் கொடுத்துவிடாதே. எல்லாம் நல்ல அறிவுரைதான், எல்லாவற்றையும் கேட்டேன். உண்ணியைப் பற்றி மட்டும் யாரும் பயப்படும்படி ஒரு வார்த்தை சொன்னதில்லை. கேட்டாலும் "உண்ணிதானே, பிடுங்கிப் போட்டா போச்சு" என்பார்கள். அந்த உண்ணி ஏற்றிவிட்ட கிருமியால் போன வருடம் என் நாய் செவலை பிழைக்குமா என்றே தெரியாத நிலைமைக்குப் போனது. ஏறக்குறைய ஐம்பதாயிரம் ரூபாய் செலவு. சேமிப்பில் இருந்தது கரைந்தது, விடுப்பு தீர்ந்து சம்பளத்திலும் பிடித்தார்கள். பணம் திரும்ப வரும். இரவில் ரத்தம் வழியும் மூக்கோடு அவளை மடியில் போட்டுக்கொண்டு யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்த அந்த நேரத்தை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது. இதில் ஒரு பகுதியாவது முன்பே தெரிந்திருந்தால் அந்த இரவு வந்திருக்காது. அதனால்தான் நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

நான் இருப்பது சென்னையில் கொளத்தூர் பக்கம், இரண்டாவது மாடியில் வாடகை வீடு. அம்மா தென்காசியில் இருக்கிறார், இங்கே நானும் நாயும் மட்டும். நாட்டு நாய்தான், செம்பழுப்பு நிறம். எங்கள் ஊர்ப் பக்கம் அந்த நிறத்து நாயைக் கூப்பிடுகிற மாதிரியே செவலை என்று கூப்பிட ஆரம்பித்து அதுவே பெயராகிவிட்டது. பதினெட்டு கிலோ இருப்பாள். இந்த வீட்டுக்கு மாறி வந்தபோது மனதுக்கு மிகவும் பிடித்த விஷயம், இரண்டு தெரு தள்ளி இருந்த மாநகராட்சிப் பூங்கா. சென்னைக்காரர்களுக்கு அதன் அமைப்பு தெரிந்திருக்கும்: சுற்றி நடைபாதை, நடுவில் கூழாங்கல் பதித்த எட்டு வடிவப் பாதை, ஊஞ்சலும் சறுக்கு மரமும், ஒரு மூலையில் இரும்பு உடற்பயிற்சிக் கருவிகள், பின்னால் மோட்டார் அறை. நாய்களை உள்ளே விடலாமா கூடாதா என்பது பூங்காவுக்குப் பூங்கா வேறுபடுகிறது. வளர்ப்பு நாய்களைப் பூங்காவில் முழுவதுமாகத் தடை செய்யக் கூடாது, வேண்டுமானால் நேரம் ஒதுக்கலாம் என்று இந்திய விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது. அதைக் காட்டிச் சண்டை போட வேண்டிய தேவை எனக்கு வரவில்லை. காவலாளி அண்ணன் உரிமத்தைப் பார்த்துவிட்டு, "காலைல கூட்டம் வர்றதுக்கு முன்னாடி வந்துட்டுப் போயிரும்மா. புள்ளைங்க வெளயாடுற எடத்துக்கு மட்டும் வேணாம். காம்பவுண்டு ஓரமா நடத்திக்கோ" என்றார். நியாயமாகப் பட்டது. மலம் அள்ள காகிதமும் பையும் கொண்டுபோவேன் என்று சொல்லிவிட்டு மறுநாளே தொடங்கினோம்.

அந்த முதல் வாரங்கள் அவ்வளவு சந்தோஷமானவை. புது இடத்தை ஒரு நாய் எப்படித் தெரிந்துகொள்கிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்ப்பது தனி இன்பம். நான் நடைபாதையைப் பார்த்து நடப்பேன், அவளுக்கு நடைபாதை ஒரு பொருட்டே இல்லை. புங்க மரத்தடி, தூங்குமூஞ்சி மரத்தின் வேர், வெட்டிக் குவித்த புல், குரோட்டன் வேலியின் அடிப்பகுதி என்று ஒவ்வொன்றாக மூக்கை வைத்து நின்று நிதானமாக முகர்ந்த பிறகுதான் அடுத்த அடி எடுத்து வைப்பாள். மோட்டார் அறைக்குப் பின்னால் ஒரு சந்து உண்டு. பூங்காவின் தெருநாய்கள் மதியம் படுத்துக் கிடக்கிற இடம் அது. காலையில் அவை வெளியே போயிருக்கும், இடம் காலியாக இருக்கும். செவலைக்குப் பூங்காவிலேயே பிடித்த இடம் அதுதான். மற்ற நாய்களின் வாசனை அவ்வளவும் அங்கே இருக்கிறதே. சுவரோரம் மண்ணில் உடம்பைத் தேய்த்துப் புரளுவாள். அவள் முகத்தில் தெரிந்த நிம்மதியைப் பார்த்து நானும் நின்றுகொண்டே இருப்பேன்.

கொஞ்ச நாளில் அவள் காது மடலுக்குள் எள் மாதிரி ஒன்றும், கால் விரல் இடுக்கில் ஒன்றும் தட்டுப்பட்டன. உண்ணி. பிடுங்கிப் போட்டேன். மறுபடி வந்தன, மறுபடி பிடுங்கினேன். பூங்காவில் நாயோடு வருகிற எல்லோருமே இதைத்தான் செய்தார்கள். மருந்துக் கடையில் கேட்டு உண்ணி ஷாம்பு வாங்கிக் குளிப்பாட்டினேன், அதற்குப் பிறகு ஒன்றும் தென்படவில்லை. பிரச்சினை தீர்ந்தது என்றே எவரும் நினைத்திருப்பார்கள்.

இங்கே கொஞ்சம் நின்று, பிற்பாடு டாக்டர்களிடமும் படித்தும் தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது தெரிந்தால்தான் மற்றதெல்லாம் விளங்கும். நம் ஊர் நாய்கள் மேல் அதிகம் இருப்பது பழுப்பு நாய் உண்ணி. உண்ணி என்றால் புல்வெளியில், காட்டில் இருக்கும் என்றுதான் நாம் நினைக்கிறோம். இந்த வகை அப்படி இல்லை. இதற்குப் பிடித்தது நாய் படுக்கிற இடமும் அதை ஒட்டிய சுவரும்தான். நாயின் ரத்தத்தைக் குடித்து நிரம்பியதும் கீழே விழும், சுவர் ஏறும், விரிசலுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். அங்கேயே தோலுரித்து அடுத்த பருவத்துக்கு மாறி மறுபடி ஒரு நாயைத் தேடும். குஞ்சு, இளசு, முதிர்ந்தது என்று மூன்று பருவம், ஒவ்வொரு பருவத்துக்கும் ஒரு முறை நாய் மேல் ஏறி இறங்கும். ரத்தம் குடித்துப் பருத்த ஒரு பெண் உண்ணி நான்காயிரம் முட்டை வரை இடும். தீனி கிடைக்காவிட்டாலும் முதிர்ந்த உண்ணி மாதக்கணக்கில் காத்துக்கொண்டு கிடக்கும். அப்படியென்றால் தெருநாய்கள் படுக்கிற மோட்டார் அறைச் சந்து, பூசாத செங்கல் சுவர், சிமெண்ட் பெஞ்சின் அடிப்பக்கம், காம்பவுண்டு ஓரம் எல்லாமே உண்ணிக்கு வசதியான இடங்கள். நல்லெண்ணத்தோடு எனக்குக் காட்டப்பட்ட ஓரம்தான் பூங்காவிலேயே ஆபத்தான பாதை. இதை அந்தக் காவலாளி அண்ணனுக்கும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இரண்டாவது விஷயம், நோய். உண்ணி கடிக்கும்போது அதன் எச்சில் வழியாக எர்லிக்கியா என்ற நுண்கிருமி நாயின் ரத்தத்தில் இறங்கலாம். ஒட்டிய சில மணி நேரத்திலேயே இது நடந்துவிடும். இறங்கின கிருமி வெள்ளையணுக்களுக்குள் புகுந்து பெருகும். கடைசியில் ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட் அணுக்கள் சரசரவென்று குறையும். புது நோயும் இல்லை இது. 1935இல் அல்ஜீரியாவில் நாய்களிடம் முதலில் கண்டுபிடித்தார்கள். வியட்நாம் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்தின் மோப்ப நாய்களில் நூற்றுக்கணக்கானவை இதில் செத்தன. இவ்வளவு பழைய, இவ்வளவு மோசமான ஒரு நோயைப் பற்றி நாய் வளர்க்கிறவர்களுக்கு முதல் தடுப்பூசி போடும் அன்றே ஏன் சொல்வதில்லை என்று எனக்கு இன்றும் ஆதங்கம்தான். இதில் மிகவும் ஏமாற்றும் சங்கதி என்னவென்றால், கடித்த அன்றே காய்ச்சல் வராது. ஒன்றிலிருந்து மூன்று வாரம் வரை ஆகலாம். அதற்குள் உண்ணி போயிருக்கும், நமக்கும் மறந்திருக்கும்.

செவலைக்கும் அப்படித்தான் ஆனது. உண்ணியே கண்ணில் படாத ஒரு வாரத்தில் சாப்பாட்டைத் தொடாமல் திரும்பிப் போனாள். கோழிக் கால் வேகிற வாசனைக்கு அடுப்படியை விட்டு நகராதவள், தட்டில் வைத்த பிறகும் பார்க்கவில்லை. வெயில் காலம் வேறு. வாக்கிங் கயிற்றை எடுத்தால் எழுந்து நின்றுவிட்டு மறுபடி படுத்தாள். பக்கத்தில் இருந்த ஒரு தனியார் கிளினிக்குக்குத் தூக்கிப் போனேன். அங்கே தொட்டுப் பார்த்து, காய்ச்சல் இருக்கிறது, வெயில் சூடு என்று சொல்லி ஒரு ஊசியும் குளுக்கோஸும் ஏற்றினார்கள். உண்ணி இருந்ததைச் சொன்னேன். "இப்ப ஒண்ணும் இல்லையே" என்றார் டாக்டர். ஊசி போட்ட மறுநாள் பாதித் தட்டு சாப்பிட்டாள், எனக்கு உயிர் வந்தது. அப்புறம் மறுபடி பழைய கதை. மறுபடி அதே கிளினிக், மறுபடி ஊசி, இந்த முறை சத்து டானிக்கும் சேர்த்து. ஒவ்வொரு முறையும் ஆயிரத்து ஐநூறுக்குக் குறையாமல் ஆனது. ரத்தப் பரிசோதனை என்ற பேச்சே எழவில்லை.

இந்த இடத்தில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதைப் பளிச்சென்று சொல்கிறேன். கடந்த ஒரு மாதத்தில் உங்கள் நாயின் மேல் ஒரே ஒரு உண்ணியையாவது பார்த்திருந்து, நாய் சாப்பாட்டை மறுத்தாலோ சோர்ந்தாலோ, முதல் நாளே ரத்தப் பரிசோதனை கேளுங்கள். சிபிசி என்கிற ரத்த அணுக் கணக்கும், ஒரு துளி ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்க்கும் ஸ்மியர் பரிசோதனையும் போதும், தொடங்குவதற்கு. சில நூறு ரூபாய்தான் ஆகும். டாக்டர் தேவையில்லை என்றால், ஏன் தேவையில்லை என்று மரியாதையாகக் கேளுங்கள். பதில் திருப்தியாக இல்லையென்றால் வேறு டாக்டரிடம் போங்கள், தயங்க வேண்டாம். வீட்டில் ஒரு டிஜிட்டல் தெர்மாமீட்டர் நாய்க்கென்று தனியாக வைத்துக்கொள்ளுங்கள். முனையில் வாசலின் தடவி ஆசனவாயில் வைத்துத்தான் பார்க்க வேண்டும். மூக்கு ஈரமாக இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதெல்லாம் கணக்கில் சேராது. நாய்க்கு 101 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இயல்பு. செவலைக்கு 104ஐத் தொட்டது. உதட்டைத் தூக்கி ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், வெளுத்திருந்தால் ஆபத்து. அடிவயிற்றில், காதின் உட்புறத்தில் குண்டூசி முனை அளவில் சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால் அது கொசுக்கடி என்று விட்டுவிடாதீர்கள், தோலுக்கு அடியில் ரத்தம் கசிகிறது என்று பொருள். செவலையின் வயிற்றில் அந்தப் புள்ளிகள் இருந்தன. அவை என்ன சொல்கின்றன என்று அப்போது எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. இன்னொன்று, காய்ச்சலுக்கு நாம் போடுகிற பாராசிட்டமாலோ இபுபுரூஃபெனோ நாய்க்குக் கொடுக்கவே கூடாது. பக்கத்து வீட்டு அக்கா நல்ல மனதோடுதான் பாதி மாத்திரை கொடுக்கச் சொன்னார். ஏற்கெனவே ரத்தம் உறையாமல் இருக்கிற நாய்க்கு இபுபுரூஃபென் போனால் குடலிலும் ரத்தம் கசியும்.

ஒரு இரவு பதினொரு மணி இருக்கும். தும்மினாள். தரையில் சிவப்பாகத் தெறித்தது. இடது மூக்கிலிருந்து ரத்தம் சொட்டுச் சொட்டாக வந்து, பிறகு நூல் மாதிரி நிற்காமல் வழிந்தது. நான் பயந்து அழுதேன், அதில் மறைக்க ஒன்றுமில்லை. அம்மாவுக்கு போன் செய்தால் அங்கே அவர் தூக்கம் கெட்டுத் தவிப்பார் என்று அதையும் செய்யவில்லை. போன கிளினிக் பூட்டிக் கிடந்தது. இரவில் திறந்திருக்கும் இடம் தேடி எண்களை அடித்துக்கொண்டே இருந்தேன், பாதி எண்களில் யாரும் எடுக்கவில்லை. கிடைத்தபோது ஆட்டோ கிடைக்கவில்லை. நாய், அதுவும் ரத்தம் என்றால் யாரும் வரத் தயாரில்லை. செயலியில் பதிவு செய்த வண்டிகள் வந்து பார்த்துவிட்டுத் திரும்பின. கடைசியில் ஒருவர் இருமடங்கு கேட்டு வந்தார், சீட்டில் என் பழைய போர்வையை விரித்துக்கொண்டு போனோம். உங்கள் பகுதியில் இரவு முழுவதும் இயங்கும் கால்நடை மருத்துவமனை எது, நாயை ஏற்றுகிற வண்டிக்காரர் யார் என்பதை இன்றே விசாரித்து, ஒரு முறை பேசிப் பார்த்து, எண்ணைக் குறித்து வையுங்கள். மூக்கில் ரத்தம் வந்தால் நாயை அமைதியாகப் படுக்க வைத்து, துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை மூக்குத் தண்டின் மேல் வைக்கலாம். பஞ்சை உள்ளே திணிக்கக் கூடாது, தலையை அண்ணாத்திப் பிடிக்கவும் கூடாது.

அந்த இரவு மருத்துவமனையில்தான் முதல்முறையாக ரத்தம் எடுத்தார்கள். நாய்க்குப் பிளேட்லெட் சுமார் இரண்டு லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் வரை இருக்க வேண்டும். அவளுக்குப் பதினெட்டாயிரம். ஹீமோகுளோபின் ஐந்துக்குக் கொஞ்சம் மேலே. மெஷின் காட்டும் பிளேட்லெட் கணக்கு சில சமயம் தப்பும், அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியானால் குறைவாகக் காட்டும் என்பதால் பணியில் இருந்த டாக்டர் தானே ஸ்லைடு போட்டுப் பார்த்து உறுதி செய்தார். பபேசியா என்ற இன்னொரு உண்ணிக் கிருமி இருக்கிறதா என்றும் பார்த்தார். இது முக்கியம். இரண்டும் ஒரே உண்ணியிலிருந்து வரலாம், இரண்டும் சேர்ந்தே இருக்கலாம், ஆனால் மருந்து வேறு. எர்லிக்கியாவுக்கான மாத்திரை பபேசியாவைக் கொல்லாது. சிறுநீர் காபி நிறத்தில் போனால் பபேசியாவைச் சந்தேகிக்க வேண்டும் என்றார். நல்லவேளை, அவளுக்கு அது இல்லை. மருந்தை அப்போதே தொடங்கிவிட்டு, "காலைல ரத்தம் ஏத்த ஏற்பாடு பண்ணுங்க, வேப்பேரிக்குப் போங்க" என்றார். அந்த ஓர் இரவுக்கு மட்டும் பரிசோதனை, ஊசி, படுக்கை எல்லாம் சேர்த்து ஒன்பதாயிரத்துச் சொச்சம்.

வேப்பேரி என்றால் சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி, 1903இல் தொடங்கியது. அங்கே இருக்கும் கால்நடை மருத்துவமனைக்குச் சென்னை முழுவதிலிருந்தும் நாய், பூனை, ஆடு, மாடு எல்லாம் வரும். கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்ச் சீட்டுப் போட வேண்டும். தனியார் இடங்களோடு பார்த்தால் கட்டணம் மிகக் குறைவு. நாய்களுக்கான ரத்த வங்கியும் அங்கே இயங்குகிறது. நாய்க்கு ரத்தம் ஏற்றலாம் என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. நாய்களுக்கும் ரத்த வகை உண்டு. முதல் முறை ஏற்றும்போது பெரும்பாலும் பெரிய எதிர்விளைவு வராது, ஆனாலும் இரண்டு ரத்தத்தையும் கலந்து பொருத்தம் பார்த்துவிட்டு ஏற்றுவதுதான் பாதுகாப்பு. சேமித்து வைத்த ரத்தத்தில் சிவப்பணு கிடைக்கும், உயிருள்ள பிளேட்லெட் அவ்வளவாகக் கிடைக்காது. அதற்கு அன்றே எடுத்த புது ரத்தம் வேண்டும். கொடை நாய் ஒன்று கூட்டி வர முடியுமா என்று கேட்டார்கள்.

யாரைக் கேட்பேன்? சொந்தக்காரர் வீட்டில் நாய் கிடையாது. அலுவலகத்தில் எவருக்கும் தெரியாது. அப்போதுதான் பூங்காவுக்குத் தினமும் லேப்ரடாரோடு வரும் ஓய்வுபெற்ற வங்கிக்காரர் நினைவுக்கு வந்தார். அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது, "சார்" என்றுதான் கூப்பிடுவேன். எண் இல்லை. காவலாளி அண்ணனுக்கு போன் போட்டு, அவர் வந்தால் பேசச் சொல்லுங்கள் என்றேன். ஒரு மணி நேரத்தில் சாரே கூப்பிட்டார். "ரத்தம் குடுத்தா என் பையனுக்கு ஒண்ணும் ஆகாதே மா?" என்று ஒரு கேள்விதான் கேட்டார். டாக்டரிடம் போனைக் கொடுத்தேன். பேசி முடித்ததும் காரில் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். கொடுக்கிற நாய் இருபத்தைந்து கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும், ஏறக்குறைய ஒரு வயதிலிருந்து எட்டு வயதுக்குள், தடுப்பூசிகள் முடித்து, உண்ணிக் காய்ச்சல் கிருமி இல்லாமல் ஆரோக்கியமாக இருக்க வேண்டும். பரிசோதித்துவிட்டுக் கழுத்து நரம்பிலிருந்து எடுத்தார்கள். அந்த லேப்ரடார் பிஸ்கட்டைத் தின்றபடி பேசாமல் படுத்திருந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன், எனக்கு நன்றி சொல்ல வாய் வரவில்லை. ஏற்றி முடித்த சாயங்காலம் செவலையின் ஈறில் நிறம் திரும்பியிருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் மருந்து. டாக்ஸிசைக்ளின் மாத்திரை, மொத்தம் 28 நாள். இரண்டு மூன்று நாளிலேயே காய்ச்சல் இறங்கி நாய் துள்ள ஆரம்பித்துவிடும். அதைப் பார்த்து நிறையப் பேர் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள் என்று டாக்டர் எச்சரித்தார். பாதியில் நிறுத்தினால் கிருமி மண்ணீரலிலும் எலும்பு மஜ்ஜையிலும் ஒளிந்திருந்து மாதங்களோ வருடங்களோ கழித்துக் கிளம்பும். மஜ்ஜையே ரத்தம் உற்பத்தி செய்வதை நிறுத்திவிட்ட பிறகு காப்பாற்றுவது மிகக் கடினம். மாத்திரை கொடுப்பதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி. பாலிலோ தயிர்சாதத்திலோ ஒளித்து வைத்துக் கொடுக்கக் கூடாது, சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாத்திரை தொண்டைக்குழாயில் ஒட்டினால் புண்ணாக்கும், அதனால் விழுங்கியதும் சிரிஞ்சில் கொஞ்சம் தண்ணீரோ சாப்பாடோ உள்ளே போக வேண்டும். நான் வேகவைத்த ஈரலை மசித்து அதற்குள் வைத்துக் கொடுத்தேன். பிளேட்லெட் ஏறுகிறதா என்று இடையிடையே ரத்தம் பார்த்தோம். ஒன்றரை லட்சத்தைத் தாண்டிய அன்று பரிசோதனைக்கூட வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். பிற்பாடு யாராவது எர்லிக்கியா கிட் டெஸ்ட் எடுத்து பாசிட்டிவ் என்று சொன்னால் உடனே பதற வேண்டியதில்லை. அந்த டெஸ்ட் பார்ப்பது கிருமியை அல்ல, அதை எதிர்க்க உடம்பு உண்டாக்கும் எதிர்ப்பொருளை. அதனால் குணமான பிறகும் மாதக்கணக்கில் பாசிட்டிவ் காட்டும். அணுக்களின் கணக்கும் நாயின் நிலைமையும்தான் பேச வேண்டும். ஒரு முறை வந்தால் மறுபடி வராது என்பதும் இல்லை, தடுப்பூசியும் இதற்குக் கிடையாது.

இந்த நாட்களில் என்னை மிகவும் நோகடித்தது குடியிருப்புக்காரர்கள் சிலர் பேசியதுதான். ரத்தம் வழிந்த நாயைப் படிக்கட்டில் தூக்கிப் போனதைப் பார்த்துவிட்டு, எதோ தொற்றுநோய், குழந்தைகளுக்குப் பரவும், நாயை எங்காவது விட்டுவிட்டு வா என்றார்கள். வீட்டுக்காரர் வரை புகார் போனது. உடம்பும் மனமும் ஓய்ந்து கிடந்த நேரத்தில் கதவைத் தட்டி இதைச் சொன்னார்கள். நான் டாக்டரிடம் எழுதி வாங்கி வந்து காட்டினேன். இந்தக் கிருமி நாயைத் தொட்டால், நக்கினால், பக்கத்தில் படுத்தால் பரவாது. உண்ணி கடித்தால்தான், அல்லது நோயுள்ள நாயின் ரத்தத்தை ஏற்றினால்தான் இன்னொரு நாய்க்குப் போகும். மனிதர்களுக்கு வரும் ஸ்கரப் டைபஸைத்தான் நம் பத்திரிகைகளில் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகிறார்கள். அது வேறு கிருமி, வேறு பூச்சி, நாயிடமிருந்து வருவதும் இல்லை. உங்களுக்கும் இப்படி ஒரு நிலைமை வந்தால் வாக்குவாதத்தில் இறங்காமல் மருத்துவரின் கடிதத்தை முதலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

நாய் தேறினால் வேலை முடிந்தது என்று நினைக்க முடியாது, வீடு இருக்கிறது. செவலை படுக்கிற மூலைக்கு மேலே, ஜன்னல் திரையின் மடிப்பில், கதவுச் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவில், சுவிட்ச் போர்டின் ஓரத்தில் எல்லாம் டார்ச் அடித்துத் தேடினேன். இருந்தன. கடுகைவிடச் சின்னதாக ஆறு கால் குஞ்சுகள் கூட்டமாக மேல்நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தன. அவள் படுக்கையைக் கொதிக்கிற தண்ணீரில் துவைத்து வெயிலில் போட்டேன், பழைய சாக்கைத் தூக்கி எறிந்தேன். விரிசல்களை வெள்ளை சிமெண்டால் அடைத்தேன். பூச்சி மருந்து அடிக்க ஆள் கூப்பிட்டு, நாயோடு ஒரு நாள் வெளியே இருந்தேன். ஒரு முறை அடித்தால் முட்டைகள் தப்பிவிடும், சில வாரம் கழித்து மறுபடி அடிக்க வேண்டும். உண்ணி ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீக்குச்சியால் சுடுவது எல்லாம் வேண்டாம். சின்ன இடுக்கியால் தோலை ஒட்டினாற்போல் பிடித்து நேராக இழுத்தால் தலையோடு வரும். விரலால் நசுக்கக் கூடாது, மூடி போட்ட பாட்டிலில் டெட்டாலோ ஸ்பிரிட்டோ ஊற்றி அதில் போட்டு மூடுங்கள்.

இப்போது அவளுக்கு உண்ணிக்கான மெல்லும் மாத்திரை தவறாமல் தருகிறேன். மாதம் ஒன்று கொடுக்கிற வகையும் இருக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒன்று கொடுக்கிற வகையும் இருக்கிறது. எடைக்குத் தகுந்த அளவில்தான் வாங்க வேண்டும். விலை அதிகம் என்று தோன்றும், ஆனால் நான் அந்த ஓர் இரவில் கொடுத்த பணத்தில் ஒரு வருடத்துக்கு வாங்கியிருக்கலாம். வலிப்பு வந்த நாய்க்கும் சிறு குட்டிகளுக்கும் டாக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும்: இந்த மாத்திரை இருக்கும்போதும் உண்ணி கடிக்கும், கடித்த பிறகுதான் சாகும். அதனால் பூங்காவிலிருந்து வந்ததும் காதின் உட்புறம், கண்ணிமை, கழுத்துப்பட்டைக்கு அடியில், அக்குள், விரல் இடுக்கு, வால் அடி எல்லாம் விரலால் தடவிப் பார்ப்பதை நிறுத்தவில்லை. வீட்டில் பூனையும் இருந்தால் நாய்க்கான உண்ணிச் சொட்டு மருந்தை வாங்கும்போது பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்திருக்கிறதா என்று பாருங்கள், பூனைக்கு அது விஷம்.

பூங்காவுக்குப் போவதை நாங்கள் விடவில்லை. பாதை மாறியிருக்கிறது. காம்பவுண்டு ஓரத்தை விட்டு வெயில் படுகிற திறந்த தரையில் நடக்கிறோம், மோட்டார் அறைச் சந்துக்குப் போவதில்லை. காவலாளி அண்ணனிடம் விஷயத்தை விளக்கியதும் அவரே மற்ற நாய்க்காரர்களுக்கும் அதைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். செவலை கயிற்றை அந்தப் பக்கம் இழுக்கத்தான் செய்கிறாள், பாவம்.

ஆனால் தெருநாய்கள் மேல் உண்ணி இருக்கிறவரை எங்கள் நாய்களை மட்டும் காப்பது முடியாத காரியம். 2024இல் எடுத்த கணக்கின்படி சென்னையில் சுமார் 1.8 லட்சம் தெருநாய்கள். அத்தனைக்கும் நம்மால் முடியாது, ஆனால் எங்கள் பூங்காவில் படுப்பவை ஒரு கை விரலுக்குள் அடங்கும். எல்லாம் காது நுனி வெட்டப்பட்ட, கருத்தடை முடிந்த நாய்கள், இடம் மாறாமல் அங்கேயேதான் இருக்கும். லேப்ரடார் சார்தான் யோசனை சொன்னார்: நாயோடு வருகிறவர்கள் ஆளுக்குக் கொஞ்சம் பணம் போட்டு மூன்று மாத மாத்திரையாக வாங்கி, கோழித் துண்டுக்குள் வைத்து அவற்றுக்கும் கொடுப்பது என்று. எடையைக் கால்நடை டாக்டர் ஒருவர் வந்து பார்த்துக் குறித்துக் கொடுத்தார். தினமும் சோறு வைக்கிற பூக்கார அக்காதான் மாத்திரையும் கொடுக்கிறார், அவர் கையால்தான் அவை வாங்கும். கொடுத்த தேதியையும் அடுத்துக் கொடுக்க வேண்டிய தேதியையும் மோட்டார் அறைக் கதவின் உட்புறம் சாக்பீஸால் எழுதி வைக்கிறோம். சந்துச் சுவரைப் பூசித் தரச் சொல்லி மாநகராட்சி வார்டு அலுவலகத்தில் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனுவும் கொடுத்திருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை, அடுத்த வாரம் மறுபடி போகிறோம்.